தண்ணீர் வரும் நேரம்

தண்ணீர் வருகிறது என்று சொன்னால் ஆற்றுக்குள் இருப்பவர்கள் கரையேறிவிடுவார்கள் என்றுதான் நினைத்தேன். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? இந்த ஊரிலேயே பிறந்து, ஆடி மாதம் காவிரிப் பாலத்தில் நெரிகிற கூட்டத்தைத் திட்டிக்கொண்டே வண்டி ஓட்டியவன் அப்படி நினைத்திருக்கக் கூடாது. ஆனாலும் நினைத்தேன்.

நான் கம்ப்யூட்டர் படித்தவன் அல்ல. துபாயில் ஒரு கிடங்கில் பல வருஷம் சரக்கு பார்த்தவன். அங்கே எண்ணெய் டின்னோ சோப்புப் பெட்டியோ ஓர் அளவுக்குக் கீழே போனால், யாரும் சொல்லாமலே வாங்கும் பிரிவுக்கு மெயில் போய்விடும். அதைக் கோத்து வைத்திருந்த மலையாளி நண்பர் எனக்கும் சொல்லிக்கொடுத்தார். பெரிய வித்தை ஒன்றுமில்லை. இது நடந்தால் அதைச் செய் என்று கம்ப்யூட்டரில் ஓடுகிற ஒரு கருவியிடம் சொல்லி வைக்க வேண்டியது, அவ்வளவுதான். அது தூங்காமல் கொள்ளாமல் பார்த்துக்கொண்டிருக்கும். ஊர் திரும்பி, தென்னூரில் ஒரு டிராவல்ஸ் ஆபீசில் டிக்கெட் போடும் வேலையில் உட்கார்ந்த பிறகும் அந்தப் பழக்கம் விடவில்லை. அரசாங்கம் இணையத்தில் எவ்வளவோ விவரங்களைப் போட்டு வைத்திருக்கிறது. உதவித்தொகைக்குக் கடைசித் தேதி, ரத்த வங்கியில் இருப்பு, அணையில் தண்ணீர். எல்லாம் திறந்துதான் கிடக்கிறது, தேவைப்படுகிறவர்கள் கண்ணில் மட்டும் படுவதில்லை. அந்த இடைவெளியை அடைக்க நான் ஒருத்தன் போதும் என்ற நினைப்பு எனக்கு.

மண்ணச்சநல்லூரில் அரிசி வியாபாரம் செய்யும் என் பள்ளித் தோழன் சிறிய அறக்கட்டளை ஒன்றை நடத்துகிறான். என் கருவிகளுக்கு வேலை கொடுத்தது அவன்தான். உதவித்தொகை அறிவிப்பு வந்தால் பிள்ளைகளுக்குச் செய்தி போகும்படி செய்தேன். ரத்தம் குறைந்தால் கொடுக்கிறவர்களுக்குச் செய்தி போகும்படி செய்தேன். காலையில் எழுந்தவுடன் எல்லாம் ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்த்த பிறகுதான் எனக்கு டீ இறங்கும்.

“ஊர்ல எல்லாரும் பொண்டாட்டி முகத்துல முழிப்பாங்க. நீங்க மேட்டூர் அணை முகத்துல முழிக்கிறீங்க” என்பாள் என் மனைவி.

அக்கா என்று நான் கூப்பிடுகிறவரைச் சந்தித்ததும் அறக்கட்டளை வழியாகத்தான். ஸ்ரீரங்கத்துக்கு வடக்கே, கொள்ளிடக் கரையில், அவரும் அவர் கணவரும் சலவைத் தொழில் செய்கிறார்கள். லாட்ஜ் பெட்ஷீட், கல்யாண மண்டபத்து மேசைவிரிப்பு என்று மூட்டை மூட்டையாக வரும். கொள்ளிடம் வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் வெறும் மணல். நடுவில் வாய்க்கால் போல ஒழுகும் தண்ணீரை ஒட்டி, கரையிலிருந்து நல்ல தூரம் உள்ளே, அவர்கள் துவைக்கிற கல் கிடக்கிறது. துவைத்ததை மணலிலேயே விரித்துக் காயவைப்பார்கள். காவிரி கொள்ளாத தண்ணீரை, மேற்கே ஆறு பிரிகிற முக்கொம்பில் மதகைத் தூக்கிக் கொள்ளிடத்தில் விடும்போது அந்த மணல் முழுவதும் ஆறாகிவிடும். ஓர் ஆடி மாதம் அப்படி வந்த தண்ணீரில் இருவரும் ஒரு மணல் திட்டில் மாட்டிக்கொண்டார்கள். தீயணைப்புப் படையினர் கயிறு கட்டி மீட்டார்கள். துணி அத்தனையும் போய்விட்டது.

நண்பனும் நானும் அரிசி மூட்டையோடு போனோம். அக்கா மூட்டையைப் பார்த்தார், பிறகு எங்களைப் பார்த்தார்.

“அரிசி வேணாம்னு சொல்லலைங்க, வெச்சிட்டுப் போங்க. ஆனா தண்ணி வர்றதுக்கு முன்னாடி யாராச்சும் ஒரு போன் பண்ணியிருந்தா இந்த அரிசியே வேண்டியதில்லையே?”

“மைக் வெச்சு சொல்லிக்கிட்டுத்தானே போறாங்க?” என்றான் நண்பன்.

“ரோட்டுல சொல்வாங்க. நாங்க ஆத்துக்குள்ளல்ல கெடக்கோம்? துணி அடிக்கிற சத்தத்துல என்ன கேக்கும்?”

எனக்கு அங்கேயே கை பரபரத்தது. ஒரு போன்தானே! மதகில் எவ்வளவு தண்ணீர் விடுகிறார்கள் என்ற விவரம் அரசின் இணையப் பக்கத்தில் வந்துவிடுகிறது. கருவி அதைப் பார்த்துக்கொண்டிருக்கும். கொள்ளிடத்துப் பக்கம் எண் கூடினால், தண்ணீர் எப்போது வந்து சேரும் என்று கணக்குப் போடும். உடனே பட்டியலில் உள்ள எல்லோருக்கும் போன் போகும், எடுத்தால் என் குரல் பேசும்: “கொள்ளிடத்தில் தண்ணீர் வருகிறது. இத்தனை மணிக்கு உங்கள் பக்கம் வந்துவிடும். உடனே கரையேறுங்கள்.” அதைப் பதிவு செய்தபோது மனைவி பக்கத்தில்தான் இருந்தாள்.

“சத்திரம் பஸ் ஸ்டாண்டுல பஸ் பேரு சொல்ற மாதிரி இருக்கு. கொஞ்சம் பயமுறுத்திச் சொல்லுங்க.”

பயமுறுத்திச் சொன்னேன். விழுந்து விழுந்து சிரித்தாள். முதலில் சொன்னதையே வைத்துக்கொண்டேன்.

அக்காவின் நம்பர்தான் பட்டியலில் முதல் நம்பர். பிறகு ஆடு மேய்ப்பவர்கள், மாடு விடுபவர்கள், படுகையில் வாழை போட்டிருப்பவர்கள் என்று இரு கரையிலும் சேர்ந்தார்கள். அந்த வருஷ ஐப்பசி மழையில் மறுபடி மதகு திறந்தபோது கருவி தன் வேலையைச் செய்தது. மதியம் போன் போயிற்று, மாலைக்குள் ஆற்றில் ஓர் ஆடுகூட இல்லை. அக்கா கூப்பிட்டு, “பாய், ஒரு கைக்குட்டைகூட நனையலை” என்றார். நண்பன் அல்வாவோடு வந்தான். நானும் கொஞ்ச நாள் தலைகால் புரியாமல்தான் திரிந்தேன். எண் மாறும்போதெல்லாம் கருவி ஒரே நாளில் நாலைந்து தடவைகூடக் கூப்பிடுகிறது, தொல்லையாக இருக்கிறது என்று சிலர் சொன்னார்கள். நியாயம்தானே என்று, ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும் என்று மாற்றி வைத்தேன்.

அடுத்த வருஷம் கொள்ளிடத்துக்குத் தண்ணீரே வரவில்லை. ஆடி வந்தது, போனது. மணல் சுட்டது. அதற்கும் அடுத்த வருஷம், ஆடி பிறந்து சில நாளில் மேட்டூர் நிரம்பியது. முக்கொம்பில் மதகு திறந்தார்கள். ஐந்து மணிக்குத் தண்ணீர் வரும் என்று கணக்குப் போட்டுக் கருவி எல்லோரையும் கூப்பிட்டது. அறக்கட்டளையின் வாட்ஸ்அப் குழுவிலும் அந்தச் செய்தியை நண்பன் போட்டான்.

அன்று ஆபீசில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டு நானே பார்க்கக் கிளம்பினேன். பெருமைதான், வேறென்ன? என் கருவியால் காலியான ஆற்றைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்ற ஆசை. ஸ்ரீரங்கத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு என்னவோ போலிருந்தது. ஸ்கூட்டரில் குடும்பம் குடும்பமாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பூக்கூடை, தேங்காய், புதுப்பாவாடை கட்டிய பிள்ளைகள். ஒருவரை நிறுத்தி எங்கே போகிறீர்கள் என்று கேட்டேன். “கொள்ளிடத்துக்குத் தண்ணி வருதுங்க! அஞ்சு மணிக்கு!” என்று போனை நீட்டினார். என் செய்திதான். உடனே கரையேறுங்கள் என்ற கடைசி வரியை யாரோ வெட்டி எறிந்துவிட்டு, அந்த இடத்தில் தாமரைப் பூவும் கும்பிடுகிற கையும் ஒட்டியிருந்தார்கள்.

கரை முழுவதும் ஜனம். விட்டால் ராட்டினம் போட்டு பஞ்சு மிட்டாய் விற்றிருப்பார்கள். பெரும்பாலானவர்கள் மேலேதான் நின்றார்கள். நான் கீழே பார்த்தேன். வெகுதூரத்தில், அந்தக் கல்லுக்குப் பக்கத்தில், அக்கா உட்கார்ந்திருந்தார். மஞ்சள் புடவை கட்டியிருந்தார்.

அவர் கணவர் கரையில்தான் இருந்தார். துணி மூட்டைகளை எல்லாம் பத்திரமாக மேலே ஏற்றி வைத்திருந்தார்.

“அக்கா ஏன் கீழ இருக்காங்க?” என்று கத்தினேன்.

“கல்லுக்குப் பூ வெக்கப் போயிருக்குதுங்க. அஞ்சு மணிக்குத்தானே வரும்? இன்னும் நேரம் இருக்குல்ல?”

இருக்கவில்லை. போன் போன பிறகு இன்னும் சில மதகுகளைத் திறந்திருக்கிறார்கள். அதுவும் இணையப் பக்கத்தில் ஒழுங்காக வந்திருக்கிறது. கருவியும் பார்த்திருக்கிறது. ஆனால் ஒரு நாளைக்கு ஒரு தடவைதான் கூப்பிட வேண்டும் என்று நான் சொல்லி வைத்திருந்தேனே! அது சொன்ன சொல் தட்டாமல் வாயை மூடிக்கொண்டிருந்தது. நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போதே மேற்கிலிருந்து ஜனம் ஓவென்று கூச்சலிட்டது. பயத்தில் எழுந்த கூச்சல் அல்ல, சந்தோஷக் கூச்சல். நுரையும் சருகுமாகத் தண்ணீர் மணலில் பரவிக்கொண்டு வந்தது. குலவையிட்டார்கள். அக்கா எழுந்து ஓடி வரவில்லை. கல்லுக்கு முன்னால் கைகூப்பி நின்றார். தண்ணீர் கல்லைத் தொட்டது. குனிந்து ஒரு கை அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். அதற்குள் முழங்காலுக்கு மேலே ஏறிவிட்டது.

அவர் கணவர் இறங்கி ஓடினார். பின்னால் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவர்களில் சிலர் போனைப் போட்டுவிட்டு ஓடினார்கள். நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எனக்கு நீச்சல் தெரியாது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் என்று பிறகு பக்கத்தில் நின்றவர் சொன்னார். அக்காவை இழுத்துவந்துவிட்டார்கள். அவர் கணவரைத் தண்ணீர் ஒரு கல்லின் மேல் தூக்கி அடித்தது. தோள்பட்டை எலும்பு முறிந்தது.

மறுநாள் அவரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். பழம் வாங்கிக்கொண்டு போனவன், வார்டு வாசலில் அக்காவைப் பார்த்ததும் ஆத்திரத்தை அடக்க முடியாமல் கத்திவிட்டேன்.

“கரையேறுங்கன்னுதானே போன்ல சொன்னேன்? உங்களை யாரு கீழ போகச் சொன்னா?”

அக்காவுக்கும் கோபம் வந்துவிட்டது.

“ஏறுனோம்ல? மூட்டையை எல்லாம் ஏத்திட்டுத்தானே போனேன்? பாய், மொதத் தண்ணி கல்லத் தொடுறப்ப வீட்டுப் பொம்பளை பக்கத்துல இருக்கணும். பூவு, மஞ்சள் வெச்சுக் கும்பிட்டு, தண்ணியத் தலையில போட்டுக்கிட்டுத்தான் ஏறணும். எங்க வீட்டு வழக்கம். எப்ப வரும்னு யாருக்குத் தெரியும்? நான் வாக்கப்பட்டு வந்து இத்தினி வருஷத்துல ஒரு தடவகூட செய்ய முடியலை. தண்ணி திருடன் மாதிரி வரும், நாங்க மூட்டையத் தூக்கிக்கிட்டு ஓடுவோம். நீங்கதான் மொத மொதல்ல நேரம் சொன்னீங்க.”

நேரம் சொன்னதால்தான் போனேன் என்றார். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. நன்றி சொல்லும் தொனிகூட இருந்தது. அதுதான் என்னை ரொம்ப நாள் படுத்தியது. பழத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்து வண்டியை எங்கே நிறுத்தினேன் என்று தேடிக்கொண்டிருந்தேன்.

அவர் கணவரால் அதன் பிறகு கையைத் தலைக்கு மேலே தூக்க முடியவில்லை. துணி அடிக்கிற கை. இப்போது கரையில் இஸ்திரி மட்டும் போடுகிறார். ஆற்றுக்குள் அக்கா தனியாகத்தான் போகிறார். மறுபடி தண்ணீர் வரும்போது கல்லருகே நின்றால் இறங்கி ஓடி வர ஆளில்லை. இது எனக்குத் தெரியும், அவர் கணவருக்குத் தெரியும், அக்காவுக்கும் தெரியும். ஆனாலும் போவேன் என்றார்.

முதல் வேலையாக, ஒரு நாளைக்கு ஒரு தடவை என்று சொல்லி வைத்திருந்ததை எடுத்தேன். அடுத்து நேரத்தை எடுத்தேன். தண்ணீர் வருகிறது, கரையேறுங்கள், அவ்வளவுதான். எத்தனை மணிக்கு என்று தெரிந்தால்தானே காத்திருப்பார்கள்? சில வாரம் கழித்து மதகு மறுபடி திறந்தது. போன் போயிற்று. ஒருவரும் அசையவில்லை. அத்தனை பேரும் என்னைத் திருப்பிக் கூப்பிட்டு எப்போது வரும் என்று கேட்டார்கள். ஆடு மேய்க்கும் ஒருவர், “வரும் வரும்னா நான் சோறு திங்காம கரையில குந்தியிருக்கவா?” என்று கேட்டார். அவர் கேட்டதிலும் தப்பில்லை. நல்லவேளை, அன்று வந்தது கொஞ்சம் தண்ணீர். கணுக்காலோடு போயிற்று.

“நேரத்தைப் போடு மாப்ள. ஒரு பொம்பளைக்காக ஊர் மொத்தத்தையும் முழுகடிக்கப் போறியா?” என்றான் நண்பன்.

“அந்தப் பொம்பளை கேட்டுத்தானே ஆரம்பிச்சோம்?” என்றேன்.

கடைசியில் இருவருமாக ஒரு முடிவுக்கு வந்தோம். நேரத்தைச் சொல்வது, ஆனால் கணக்கில் வருவதைவிடக் கொஞ்சம் முன்னால் சொல்வது. ஆறு மணி என்றால் நாலரை என்று. சொன்ன நேரத்துக்கு முன்னால் வந்து மாட்டிவிடாது அல்லவா? அப்போது எனக்கு அது கெட்டிக்காரத்தனமாகத்தான் பட்டது.

இதற்கு நடுவில் அக்காவின் வீடியோ ஊரெல்லாம் சுற்றியது. யாரோ எடுத்தது. மஞ்சள் புடவை, கைகூப்பல், கல்லைத் தொடும் நுரை, தலையில் தெளிப்பது. அதோடு வெட்டிவிட்டார்கள். அவரை இழுத்து வந்தது, கணவர் அடிபட்டது, எதுவும் அதில் இல்லை. பின்னணியில் நாதஸ்வரம் சேர்த்திருந்தார்கள். எனக்கே எத்தனையோ பேர் அனுப்பினார்கள், பாருங்கள் எவ்வளவு பக்தி என்று. நான் யாருக்கும் பதில் போடவில்லை. எடுத்துச் சொல்லியிருக்கலாம். எரிச்சலில் விட்டுவிட்டேன்.

இந்த வருஷம் ஆடியில் மேட்டூர் மறுபடி நிரம்பியது. எனக்குச் சோறு இறங்கவில்லை. காலையில் கொள்ளிடத்துப் பக்கம் எண் கூடியதும் கருவி கூப்பிட ஆரம்பித்தது. உண்மைக் கணக்கு மாலை ஆறு மணி. பட்டியலில் இருந்தவர்களுக்கு நாலரை என்று போயிற்று. அக்காவின் நம்பரை மட்டும் நான் முன்னாலேயே பட்டியலிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். அவரை நானே கூப்பிட்டேன்.

“அக்கா, தண்ணி வந்துருச்சு. ரொம்ப வேகமா வருது. எல்லாத்தையும் போட்டுட்டு உடனே மேல ஏறுங்க.”

“அய்யய்யோ! பூவுகூட வாங்கலையே பாய்!”

“பூவும் வேணாம் ஒண்ணும் வேணாம். ஏறுங்க!”

வாழ்க்கையில் நான் பொய்யே சொன்னதில்லை என்று சொல்ல மாட்டேன். துபாயிலிருந்து உம்மாவுக்குச் சொன்ன பொய்கள் ஒரு வண்டி இருக்கும். ஆனால் கருவி எடுத்துத் தந்த கணக்கை நான் மாற்றிச் சொன்னதில்லை. இருப்பதை இருக்கிறபடி, தேவைப்படுகிறவர் காதில் போடுவதுதான் என் வேலை என்று எல்லோரிடமும் பீற்றிக்கொண்டவன். நாலரை என்று சொன்னதே பாதிப் பொய்தான். இது முழுப் பொய். போனை வைத்தபோது வாய் கசந்தது. ஆனால் நிம்மதியாகவும் இருந்தது. அவர் ஏறிவிடுவார். ஏறிவிட்டால் போதும்.

மதியத்துக்கு மேல் அக்கா கூப்பிட்டார்.

“பாய், மணலு அப்படியே கெடக்கு.”

டிக்கெட் வாங்க வந்தவரை உட்காரச் சொல்லிவிட்டு போனோடு வாசலுக்கு வந்தேன்.

“காலையிலேருந்து கரையில நிக்கிறேன். ஒரு சொட்டு வரலை. பக்கத்துல ஆடு மேய்க்கிறவருக்கு நாலரைன்னு போன் வந்துச்சாம், உங்க குரல்தானாம். எனக்கு மட்டும் வந்துருச்சுன்னு ஏன் சொன்னீங்க?”

“நீங்க கீழ போகக் கூடாதுன்னுதான் அக்கா.”

திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருக்கும் என்றுகூட இருந்தது.

“அப்ப இன்னும் நேரம் இருக்கு” என்றார். போனை வைத்துவிட்டார்.

மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை. அவர் கணவரைக் கூப்பிட்டேன். “பூ வாங்கப் போயிருக்குதுங்க. நான் சொன்னா கேக்குமா?” என்றார். டிக்கெட் வாங்க வந்திருந்தவரை உட்கார்ந்தபடியே விட்டுவிட்டு வண்டியை எடுத்தேன். காவிரிப் பாலத்தில் கூட்டம். அன்று நான் யாரையும் திட்டவில்லை. வழி விடுங்க, வழி விடுங்க என்று கெஞ்சிக்கொண்டே போனேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது வெயில் தணிந்திருந்தது. அக்கா கல்லருகே உட்கார்ந்து மஞ்சள் பூசிக்கொண்டிருந்தார். கரையில் துணி காயப்போடக் கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்தேன். அந்தக் கொடி நல்ல நீளம். கூடக் கிடந்த கயிறுகளையும் முடிச்சுப் போட்டுச் சேர்த்தேன். ஒரு நுனியை வேப்பமரத்தில் கட்டி அவர் கணவர் நல்ல கையால் பிடித்துக்கொண்டார். மறு நுனியோடு நான் மணலில் இறங்கினேன். என்னைப் பார்த்ததும் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“ஆறு மணிக்கு வரும்” என்றேன். “இது நெசம். கருவி சொன்ன நேரம்.”

“நீங்க சொல்றது எது நெசம், எது பொய்யின்னு எனக்கு இனிமே எப்படித் தெரியும் பாய்?”

கயிற்றை நீட்டினேன். கொஞ்ச நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு வாங்கி இடுப்பில் சுற்றிக்கொண்டார். “ஆட்டைக் கட்டுற மாதிரி கட்டுறீங்களே” என்றார். சிரித்த மாதிரியும் இருந்தது, அழுத மாதிரியும் இருந்தது. கயிற்றில் மிச்சமிருந்ததை நான் என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். நீச்சல் தெரியாதவன் கொள்ளிடத்துக்குள் நின்று தண்ணீருக்காகக் காத்திருந்தேன். ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை போனைப் பார்த்தேன். அவர் மேற்கே பார்த்துக்கொண்டிருந்தார்.

தண்ணீர் ஆறு மணிக்குச் சற்று முன்னால் வந்தது. முதலில் சத்தம் வந்தது, தூரத்தில் லாரியிலிருந்து ஜல்லி கொட்டுகிற மாதிரி. பிறகு மெல்லிய நாக்கு ஒன்று மணலை நனைத்துக்கொண்டு வந்து கல்லைத் தொட்டது. அக்கா சூடம் ஏற்றினார், பூ வைத்தார், அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். என் தலையிலும் தெளித்தார். “போதும் வாங்க, வாங்க!” என்று கத்தி அவரை இழுத்துக்கொண்டு ஓடினேன். கரையில் கால் வைத்தபோது தண்ணீர் எங்கள் தொடை வரை வந்துவிட்டிருந்தது.

மேலே ஏறி, மூச்சு வாங்கத் திரும்பிப் பார்த்தபோதுதான் கவனித்தேன். கிழக்கே, ஆற்றின் போக்கில், நெடுந்தூரத்துக்கு, தண்ணீர் இன்னும் எட்டாத மணலில் அங்கங்கே சின்னச் சின்னதாகத் தீ எரிந்துகொண்டிருந்தது. சூடம். ஒவ்வொரு வெளிச்சத்தின் பக்கத்திலும் ஆட்கள். சில இடத்தில் மஞ்சள் புடவை. வீடியோவில் பார்த்தது போலவே கைகூப்பி நின்றிருந்தார்கள். நாலரை மணிக்கு என்று என் குரல் சொல்லியிருந்தது. சொன்ன நேரத்துக்கு வராததால் ஒன்றரை மணி நேரமாக ஆற்றுக்குள்ளேயே காத்துக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

அன்று யாரையும் தண்ணீர் கொண்டுபோகவில்லை. அது எனக்குத் தெரிய மறுநாள் ஆயிற்று. அந்த நிமிஷம் எனக்கு எதுவும் தெரியாது. இடுப்புக் கயிற்றைக்கூட அவிழ்க்காமல் கரையோரம் கிழக்கே ஓடினேன். கயிறு இழுத்து நிறுத்தியது. நின்ற இடத்திலிருந்தே இரண்டு கையையும் தூக்கி, மேலே ஏறுங்க, மேலே ஏறுங்க என்று தொண்டை கிழியக் கத்தினேன். தூரத்தில் நின்றவர்கள் என் பக்கம் திரும்பினார்கள். அவர்களும் இரண்டு கையையும் தூக்கி, சந்தோஷமாக ஆட்டினார்கள்.